வெளியேற்றிய காற்று திரும்பி வரும் வழிகள்

ஏசி பொருத்த வருகிறவர்களின் கருவிப்பையோடு, கைப்பிடி வைத்த சின்ன பம்பு ஒன்றும் கூடவே வரும். குழாய்களை இணைத்து முடித்ததும் அதை அரை மணி நேரம் ஓட விடுவார்கள். கேஜில் முள் கடைசிக் கோட்டைத் தொட்டதும் "வேக்கம் ஆயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு கேஸைத் திறப்பார்கள். அதே குடும்பத்துப் பம்புகள்தான் கல்லூரி ஆய்வகத்தில் மெல்லிய உலோகப் படலம் படியவைக்கும் கருவிக்கு அடியிலும், மருந்து ஆலையில் உறையவைத்து உலர்த்தும் எந்திரத்துக்குப் பின்னாலும், மீனையும் முந்திரியையும் காற்றில்லாமல் பொட்டலம் கட்டும் கூடங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரோட்டரி வேன் பம்பு என்பது பெயர். வடிவமைப்புக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே அசையும் பாகங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் இதன் நோய் வெளியே தெரியாது. மோட்டார் அதே சத்தத்தோடு ஓடும். முள்ளும் கீழே இறங்கும். போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போயிருக்காது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1013 மில்லிபார். ஏசிக் குழாய்க்குள் ஈரம் தங்காமல் இருக்க அதை 500 மைக்ரானுக்குக் கீழே, அதாவது முக்கால் மில்லிபாருக்கும் கீழே கொண்டுபோக வேண்டும் என்பது நல்ல மெக்கானிக்குகளின் கணக்கு. முள் வைத்த கேஜுக்கு 5 மில்லிபாரும் அரை மில்லிபாரும் ஒரே கோடுதான். கடைசிக் கோட்டில் முள் நிற்கிறது என்பதை வைத்து வேக்கம் ஆகிவிட்டது என்று சொல்லவே முடியாது. அதற்கு வேறு கேஜ் வேண்டும். பெர்லினில் பல்பு ஆலையில் வேலை பார்த்த மார்செல்லோ பிரானி 1906இல் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். சூடான கம்பி ஒன்றைச் சுற்றிக் காற்று குறையக் குறைய, கம்பியிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு போக ஆளில்லை. கம்பியின் வெப்பநிலை மாறும், அதன் மின்தடையும் மாறும். அந்த மாற்றத்தை அழுத்தமாகப் படிக்கலாம். இன்று ஏசிக்காரர்கள் வாங்கும் டிஜிட்டல் மைக்ரான் கேஜ்களில் பலவும் இந்த வெப்ப இழப்பு உத்தியில்தான் வேலை செய்கின்றன. பம்பைப் பழுது பார்க்க உட்காரும் முன் இந்தக் கேஜ் ஒன்று கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் பம்பைக் கழற்றுவது வீண் வேலை.

பம்பின் உள்ளே உருளை வடிவில் ஒரு குழி. அதற்குள் அதைவிடச் சிறிய ரோட்டர். ஆட்டுக்கல் குழியில் குழவியை நடுவில் நிறுத்தாமல் ஒரு ஓரத்துச் சுவரோடு ஒட்டி நிறுத்தியது போல, ரோட்டர் மேல்பக்கச் சுவரை ஏறத்தாழ உரசிக்கொண்டு சுற்றும். ரோட்டரில் நீளவாக்கில் வெட்டிய பள்ளங்களில் இரண்டு தகடுகள். இவற்றைத்தான் வேன் என்கிறார்கள். கடைக்காரர் சிலருக்கு இது பிளேடு. ரோட்டர் சுற்றும்போது மையவிலக்கு விசையாலும், பல மாடல்களில் ஸ்பிரிங்கின் உந்தலாலும் தகடுகள் வெளியே தள்ளப்பட்டுச் சுவரைத் தொட்டபடியே போகும். உள்வாயில் பக்கம் தகட்டுக்குப் பின்னால் இடம் பெரிதாகும், காற்று அதில் வந்து நிறையும். அடுத்த தகடு வந்து அந்தக் காற்றை அடைத்துப் பிடித்து, இடம் சுருங்கச் சுருங்க அழுத்தி, வெளிவாயிலில் உள்ள வால்வைத் தள்ளித் திறந்து வெளியேற்றும். ஆழ்ந்த வெற்றிடம் வேண்டுமென்றால் இதேபோல் இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து வைப்பார்கள். முதல் கட்டம் வெளியேற்றியதை இரண்டாவது கட்டம் வாங்கி அழுத்தும்.

பம்பு காற்றை இழுக்கிறது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் இழுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. வாயு மூலக்கூறுகள் தாமாக அலைந்து வந்து வாயிலில் விழ வேண்டும். விழுந்ததைத் திரும்பிப் போகவிடாமல் அடைத்து வெளியே தள்ளுவது மட்டுமே பம்பின் வேலை. 0.001 மில்லிபாரில் ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதுவதற்கு முன் சராசரியாக 6 சென்டிமீட்டருக்கு மேல் பயணம் செய்யும். பக்கத்தில் இருப்பதை நெருக்கித் தள்ளக்கூட அங்கே கூட்டம் இல்லை. அதே நேரத்தில் பம்பின் மறுபக்கத்தில், சில சென்டிமீட்டர் தள்ளி, முழு வளிமண்டலம் நிற்கிறது. இரண்டு பக்கங்களுக்கும் உள்ள அழுத்த விகிதம் பத்து லட்சத்துக்கு ஒன்று. இப்படிப்பட்ட இடத்தில் தேய்மானம் என்றால் என்ன? வெளியே தள்ளிய காற்று திரும்பி உள்ளே வர ஒரு வழி திறந்துகொண்டது என்று பொருள். இந்தப் பம்பின் பழுதுபார்ப்பு முழுவதும் அந்த வழிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அடைக்கும் வேலைதான்.

வழி எவ்வளவு சிறியதாக இருந்தால் போதும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 10 கன மீட்டர் எடுக்கும் பம்பு, 0.01 மில்லிபாரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் அது ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் 10 கன மீட்டரை வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சுருக்கினால் வெறும் 100 மில்லி. அதாவது எங்கோ ஒரு கீறல் வழியாக மணிக்கு அரை டம்ளர் காற்று உள்ளே கசிந்தால் போதும், பம்பு 0.01க்குக் கீழே ஒருபோதும் இறங்காது. 0.001 வேண்டுமென்றால் அனுமதிக்கப்படும் கசிவு மணிக்கு 10 மில்லி. ரோட்டரும் சுவரும் நெருங்கும் அந்த மேல்பக்க இடைவெளி நூறில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டராக இருப்பதன் காரணம் இதுதான். ஃபீலர் கேஜில் உள்ள மிக மெல்லிய தகடுகூட அங்கே நுழையத் தயங்கும்.

எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே அந்த இடைவெளி இருந்தே தீரும். அதை நிரப்புவது எண்ணெய். இந்தப் பம்புக்கு இன்றைய உருவம் கிடைத்தது ஜெர்மானிய இயற்பியலாளர் வொல்ஃப்காங் கேடேயின் கையில். 1905இல் பாதரசத்தை வைத்துச் சுழலும் பம்பு ஒன்றைச் செய்தவர், அடுத்த சில ஆண்டுகளில் எண்ணெயால் அடைக்கும் தகட்டுப் பம்புக்கு வந்தார். கொலோன் நகரத்து லைபோல்ட் நிறுவனம் அவருடைய பம்புகளைச் செய்து விற்றது. பல்புக்கும், பிறகு ரேடியோ வால்வுகளுக்கும் வெற்றிடம் தேவைப்பட்ட காலம் அது. மூலக்கூறு பம்பும் விரவல் பம்பும்கூட இவர் பெயரோடு சேர்ந்தவை. நாஜி ஆட்சி வந்தபின் கார்ல்ஸ்ரூஹவில் தன் பேராசிரியர் பதவியை இழந்தார். பம்புக்கு அவர் செய்த மிக நடைமுறையான உதவி 1935இல் வந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

எண்ணெய் இங்கே தேய்மானத்தைக் குறைக்க ஊற்றும் மசகு மட்டும் அல்ல. தகட்டின் நுனிக்கும் சுவருக்கும் நடுவே படலமாக நின்று அடைக்கிறது. வால்வுக்கு அடியில் காற்று தங்கக்கூடிய மூலையை நிரப்பிக் கடைசிச் சொட்டுக் காற்றையும் வெளியே தள்ளுகிறது. சூட்டை வாங்கி உடம்புக்குக் கொடுக்கிறது. துருவைத் தடுக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பம்பின் முதல் உதிரிப் பாகமே எண்ணெய்தான். தகடும் ஸ்பிரிங்கும் அதற்கு அடுத்த வரிசை. எண்ணெயைக் கவனித்தவர்களின் பம்பைப் பல ஆண்டுகள் திறக்கவே வேண்டியிருக்காது. எண்ணெயைக் கவனிக்காதவர்கள் உதிரிப் பாக கிட் வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எந்த எண்ணெயும் ஆகாது. வண்டிக்கு ஊற்றும் 20டபிள்யூ-40ஐ இதில் ஊற்றிப் பார்த்தவர்கள் நம்மிடையே நிறைய. அது நன்றாகவே வழவழப்பாக்கும். ஆனால் அதில் கலந்திருக்கும் சேர்மானங்களும் லேசான பகுதிகளும் வெற்றிடத்தில் ஆவியாகும். காற்றை வெளியேற்றிக்கொண்டே எண்ணெய் ஆவியை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும் பம்பு எப்படி இறங்கும்? வெற்றிடப் பம்பு எண்ணெய் என்று விற்பது எளிதில் ஆவியாகும் பகுதிகளை வடித்து நீக்கியது. அறை வெப்பத்தில் அதன் ஆவியழுத்தம் மிக மிகக் குறைவு. சிறிய ஏசி பம்புகளுக்கு 46 அல்லது 68, பெரிய பம்புகளுக்கு 100 என்ற பாகுத்தன்மை எண் வழக்கம். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே முடிவு.

எண்ணெயின் பெரிய எதிரி தண்ணீர். ஒரு சொட்டுத் தண்ணீர், 0.05 மில்லி, 0.01 மில்லிபாரில் ஆவியானால் எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? ஏறத்தாழ 7 கன மீட்டர். மணிக்கு 10 கன மீட்டர் பம்பு அந்த ஒரு சொட்டை வெளியேற்ற அந்த அழுத்தத்தில் 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, வெளியேறினால் சரி. வெளியேறுவதே இல்லை என்பதுதான் சிக்கல். நீராவியை அழுத்திக்கொண்டே போனால் ஓர் எல்லைக்கு மேல் அது ஆவியாக இருக்காது. ஓடும் பம்பு 70 டிகிரிச் சூட்டில் இருந்தால் அந்த எல்லை சுமார் 310 மில்லிபார். வெளிவாயில் வால்வு திறப்பதற்கோ 1013க்கும் சற்று மேல் வேண்டும். ஆகவே தகட்டின் முன்னால் மாட்டிக்கொண்ட நீராவி, வால்வு திறப்பதற்கு வெகு முன்னதாகவே தண்ணீராகி எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் சுற்றிவரும்போது அந்தத் தண்ணீர் உள்வாயில் பக்கம் போய்ச் சேரும். அங்கே அழுத்தம் இல்லை என்பதால் மறுபடியும் ஆவியாகும். வெளியே தள்ளியது திரும்பி வந்துவிட்டது, உலோகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல்.

கேடே 1935இல் கண்டுபிடித்த கேஸ் பாலஸ்ட் இதற்குத்தான். அழுத்தும் அறைக்குள், உள்வாயிலோடு தொடர்பு அறுந்த பிறகு, கொஞ்சம் வெளிக்காற்றை வேண்டுமென்றே விடும் சின்னத் திருகு அது. கூடுதல் காற்று சேர்வதால் மொத்த அழுத்தம் சீக்கிரமே 1013ஐத் தாண்டும். நீராவியின் பங்கு 310ஐ எட்டும் முன்பே வால்வு திறந்துவிடும். ஆவி ஆவியாகவே வெளியேறும். கெட்டிக்காரத்தனமான யோசனை. வெற்றிடம் வேண்டும் என்பவன் பம்புக்குள் காற்றை விடத் துணிய வேண்டும். பாலஸ்ட் திறந்திருக்கும்வரை கடைசி ஆழம் கிடைக்காது. அதனால் தொடக்கத்தில் திறந்துவைத்து ஈரம் போனபின் மூடுவார்கள். நம் ஊர்ப் பம்புகள் பலவற்றில் இந்தத் திருகு தொழிற்சாலையில் மூடியபடியே துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அது எதற்கு என்று வாங்கியவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனவே, பம்பு சரியில்லை என்று வந்தால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பம்பை எந்தக் கருவியோடும் இணைக்காமல், உள்வாயிலை அடைத்து, அங்கே மைக்ரான் கேஜை மட்டும் வைத்து ஓட்ட வேண்டும். அப்போது ஆழம் சரியாக இருந்தால் பம்பில் குற்றமில்லை. குழாயிலோ இணைப்பிலோ கசிவு. இணைத்த பின் பம்பின் வால்வை மூடிக் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொன்றும் தெரியும். அழுத்தம் ஏறி, வேகம் குறைந்து, ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம். நிற்காமல் ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் கசிவு. தண்ணீரின் ஆவியழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. வெளிக்காற்றுக்கு அந்த எல்லை இல்லை.

உள்வாயிலை அடைத்தும் பம்பு இறங்கவில்லை என்றால் அடுத்தது எண்ணெய். பார்வைக் கண்ணாடியில் எண்ணெய் பால் நிறத்தில் தெரிந்தால் தண்ணீர். கறுத்திருந்தால் சூட்டில் வெந்து ஆக்சிஜனேற்றமானது. மின்னும் துகள் தெரிந்தால் உலோகம் தேய்கிறது, கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். பம்பைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடிக்க வேண்டும். ஆறினால் கசடு அடியிலேயே தங்கிவிடும். கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி அதையும் வடித்துவிட்டு, பிறகு முழு அளவு ஊற்ற வேண்டும். ஊற்றியவுடன் கேஜைப் பார்த்து உதட்டைப் பிதுக்கக் கூடாது. புது எண்ணெயிலும் காற்றும் ஈரமும் கரைந்திருக்கும். பாலஸ்ட்டைத் திறந்து ஒரு மணி நேரம், மூடிவைத்துச் சில மணி நேரம். கெட்டுப்போனது என்று ஒதுக்கிவைத்த பம்புகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே எழுந்துவிடும்.

எழாததைத்தான் திறக்க வேண்டும்.

எண்ணெய்ப் பெட்டியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் படுவது வெளிவாயில் வால்வு. மெல்லிய எஃகு அல்லது பிளாஸ்டிக் பட்டை, அது அளவுக்கு மேல் வளையாமல் பிடிக்க மேலே ஒரு தடித்த தகடு, அவ்வளவுதான். இதன் உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று, சுற்றுக்கு இரண்டு தகடு என்றால் ஒரு மணி நேரத்தில் 1,72,800 முறை திறந்து மூடுகிறது. எட்டு மணி நேர வேலை நாளில் 14 லட்சத்தை நெருங்கும். பட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துளையின் விளிம்பு மோதிய இடத்தில் பிறை வடிவில் ஒரு தடம் இருக்கும். அது வெறும் பளபளப்பாக இருந்தால் இன்னும் உழைக்கும். நகத்தில் தட்டும் பள்ளமாக இருந்தாலோ, பட்டை நேராக இல்லாமல் ஓர் ஓரம் நிமிர்ந்திருந்தாலோ, அடியில் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலோ அதுதான் வழி. பட்டையைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றலாம் என்று தோன்றும். புதியதன் விலை குறைவு, அந்த ஆசை வேண்டாம்.

அடுத்து உருளையின் முனையை மூடும் முனைத்தகடு. அதைத் திறக்கும் முன் தகடுகள் எந்தப் பள்ளத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். செல்போனில் படம் எடுத்தால் போதும். பழைய தகட்டையே திரும்பப் போடுவதாக இருந்தால் அதே பள்ளத்தில் அதே திசையில்தான் போட வேண்டும். ஓடி ஓடி அது அந்த இடத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் தகட்டின் நுனி எட்டு மணி நேரத்தில் 170 கிலோமீட்டருக்கு மேல் சுவரைத் தேய்த்தபடி ஓடுகிறது, சென்னையிலிருந்து விழுப்புரத்தைத் தாண்டிவிடும். இத்தனைக்கும் நல்ல எண்ணெயில் ஓடிய தகடு ஆண்டுக்கணக்கில் தாங்கும். புதிய தகட்டின் நுனி ஒரே சீரான வளைவு. தேய்ந்ததில் ஒரு பக்கமாகச் சாய்ந்த பளபளப்பான பட்டை விழுந்திருக்கும். வெர்னியரில் உயரத்தை அளந்து கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். இரு முனைகளிலும் நடுவிலுமாக அளப்பது நல்லது. நடுவில் மட்டும் குறைந்திருந்தால் சுவரும் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

இழைகளைப் பிசினில் பதித்துச் செய்த தகடுகளுக்கு இன்னொரு நோய். தண்ணீரோ கரைப்பானோ புகுந்து உப்பிவிடும், அல்லது அடுக்கடுக்காகப் பிரியும். உப்பிய தகடு பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். வெளியே வராத தகடு எதையும் அடைக்காது. எண்ணெய் தடவிப் பள்ளத்தில் விட்டால் தகடு தன் எடையிலேயே மெல்ல வழுக்கி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தகடு உப்பியிருக்கிறது, இல்லையேல் பள்ளத்தில் வெந்த எண்ணெய் வார்னிஷாகப் படிந்திருக்கிறது. அந்தப் படிவைக் கரைப்பானில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் சுரண்ட வேண்டும். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் படிவும் போகும், பள்ளத்தின் விளிம்பும் போகும். தகட்டுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்குகளைத் தகடு மாற்றும்போதெல்லாம் சேர்த்தே மாற்றிவிடுவது வழக்கம். அதில் கஞ்சத்தனம் செய்தால், உடைந்த ஒரு சுருள் ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, சில நூறு ரூபாயில் முடிய வேண்டியதைப் புதுப் பம்பு விலைக்குக் கொண்டுபோய்விடும்.

உருளைச் சுவரை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சுற்றுவாக்கில் லேசான கோடுகள் எல்லாப் பம்பிலும் இருக்கும். சுவருக்குக் குறுக்கே அலையலையாக வரி விழுந்திருந்தால் தகடு வழுக்காமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. எண்ணெய் பற்றாமல் போன பம்பின் அடையாளம் அது. மேல்பக்கம், ரோட்டர் உரசும் இடத்தில் ஆழக் கீறல் இருந்தால் கிட்டுக்கு அங்கே வேலையில்லை. எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி விடலாம் என்று சிலர் இறங்குவார்கள். இடைவெளியே நூறில் மூன்று பங்கு மில்லிமீட்டர். எமரித் தாள் அதை இரட்டிப்பாக்கச் சில நிமிடம் போதும். போதாக்குறைக்கு உதிர்ந்த தூள் வார்ப்பிரும்பின் துளைகளில் பதிந்து, புதுத் தகட்டுக்கு அரமாக வேலை செய்யும். நிமிர்ந்த பிசிரை மட்டும் எண்ணெய்க் கல்லால் தட்டையாக்கலாம், அதற்கு மேல் கை வைக்கக் கூடாது.

துடைப்பதிலும் ஒரு பேச்சு உண்டு. நம் பட்டறைகளில் கைக்கு எட்டுவது திருப்பூர் பனியன் வேஸ்ட். கிரீஸ் துடைக்க அதைப்போல் உண்டா! ஆனால் அதன் நூல் பிசிர் ஒன்று வால்வுக்கு அடியில் போய்ப் படுத்தாலும், எண்ணெய் வரும் ஊசித்துளையை அடைத்தாலும் இத்தனை வேலையும் வீண். பிசிர் விடாத துணியோ தாளோ வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவினால் கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி முழுக்க உலர விட வேண்டும். உள்ளே தங்கிய கரைப்பான் புது எண்ணெயில் கரைந்து, வெற்றிடத்தில் மறுபடியும் ஆவியாக எழும்.

மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே கீழே எண்ணெய் சொட்டினால் தண்டு ஆயில் சீல் போய்விட்டது. பல மாடல்களில் இந்தச் சீல் எண்ணெயை வெளியே விடாமல் காக்கும் வேலையைத்தான் செய்கிறது. அதனால் சொட்டினாலும் வெற்றிடம் உடனே குறையாது. மெல்ல எண்ணெய் மட்டம் இறங்கி ஒருநாள் பம்பு வறண்டு ஓடும்போதுதான் விலை தெரியும். சீல் மாற்றும்போது பழைய சீலின் உதடு தண்டில் பள்ளம் போட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் புது உதடும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து கசியும். மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். இடமிருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ தள்ளி உட்காரவைக்கலாம். தண்டில் சாவிக்காக வெட்டிய பள்ளத்தின் கூர்விளிம்பு ரப்பர் உதட்டைக் கிழித்துவிடும். அந்த இடத்தில் ஒரு சுற்று டேப்போ மெல்லிய பிளாஸ்டிக் தாளோ சுற்றி, எண்ணெய் தடவி, அதன் மேலாகச் சீலை நழுவவிடுவது பழகிய கைகளின் வேலை. ஓ-ரிங்குகள் உட்காரும் பள்ளத்தில் சுற்றுவாக்கில் உள்ள கோடு பெரிய கேடு செய்யாது. பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும் ஒரே ஒரு கீறல் வெளிக்காற்றுக்கு நேர்வழி.

எண்ணெய் இல்லாமல் ஓடும் உலர் பம்பின் கதை வேறு. சிவகாசி ஆப்செட் அச்சகங்களில் தாளை ஒவ்வொன்றாகத் தூக்கி எந்திரத்துக்குக் கொடுப்பவை இவை. தாளைத் தூக்க ஆழ்ந்த வெற்றிடம் தேவையில்லை, அதனால் கார்பன் தகடுகள் தாமே தேய்ந்து தாமே மசகாகிக்கொள்ளும். இங்கே தகடு என்பது தேய்வதற்காகவே செய்த பொருள். உயரம் எல்லைக்குக் கீழே போனதும் தொகுதியாக மாற்றிவிட வேண்டும். சத்தம் வருகிறதே என்று இதில் எண்ணெய் விட்டவர்கள், கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகித் தகடுகள் பள்ளத்திலேயே உறைந்துபோவதைப் பார்ப்பார்கள்.

எண்ணெய்ப் பம்பைத் திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு பாகமும் புது எண்ணெயில் நனைந்திருக்க வேண்டும். முனைத்தகட்டுக்கும் உருளைக்கும் நடுவே கையேடு சொல்லாத கேஸ்கட் பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது. கசிவுக்குப் பயந்து தடவும் அந்தப் படலமே ரோட்டரின் பக்க இடைவெளியை அகலமாக்கி, கசிவுக்கு வழிவிட்டுவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கனத்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பிரிக்க வேண்டியதுதான். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் உள்வாயிலைத் திறந்துவைத்து ஒரு நொடி மட்டும் சுவிட்சைத் தட்டிச் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். திசை மாறினால் பம்பு தன் எண்ணெயை உள்வாயில் வழியாகக் கருவிக்குள் அனுப்பும்.

நன்றாக ஓடும் பம்பின் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்காது. தொடக்கத்தில் காற்று வெளியேறும் களகளப்பு. உள்ளே காற்று தீரத் தீர அது அடங்கி, டக் டக் என்று கடினமான தட்டல் கிளம்பும். புதிதாகக் கேட்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து சுவிட்சை அணைப்பார்கள். தகட்டின் முன்னால் மெத்தென்று தாங்கக் காற்று இல்லாததால் எண்ணெய் நேராக வால்வில் போய் அடிக்கும் ஓசை அது. பழுது பார்த்த பம்பில் அந்தத் தட்டல் கேட்டால் நல்ல செய்தி, கேஜும் அதையே சொல்லும்.

நிறுத்துவதற்கும் முறை இருக்கிறது. கருவிப்பக்க வால்வை மூடி, பம்பின் உள்வாயிலில் காற்றை விட்டு, பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். வெற்றிடத்தோடு அணைத்தால் வெளிக்காற்று எண்ணெயை உருளைக்குள் தள்ளி, சில வேளை குழாய்வரை ஏற்றிவிடும். இதைத் தடுக்கும் வால்வு புதிய மாடல்களில் உண்டு; அதிலும் ரப்பர்தான் இருக்கிறது, அதுவும் தேயும்.

கடைசியாக, வடித்த எண்ணெய். கட்டட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் ஷீட்டில் பூசுவதற்காகக் கழிவு எண்ணெயைக் கேட்டு வாங்கிப் போவது நம் ஊரில் சாதாரணம். பம்பின் எண்ணெயை அப்படிக் கொடுக்கக் கூடாது. ஆய்வகத்திலும் மருந்து ஆலையிலும் ஓடிய பம்பு, ஆண்டு முழுக்க எந்தக் கரைப்பானின் ஆவியை, எந்த அமிலத்தின் ஆவியை விழுங்கியதோ அதெல்லாம் அந்த எண்ணெயில் கரைந்திருக்கிறது. வெறும் கையால் அதை ஷீட்டில் தடவுகிறவருக்கு அது தெரிய வழியில்லை. பயன்படுத்திய எண்ணெய் இந்திய விதிகளின்படி அபாயக் கழிவு, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். மூடிய கேனில் ஊற்றி, எந்தப் பம்பு, என்ன வேலைக்கு ஓடியது, எந்தத் தேதியில் வடித்தது என்று மேலே எழுதிவைத்தால் வாங்குகிறவருக்கும் வேலை எளிது.